எக்கோ அறையிலிருந்து எழுந்து வந்த அக்கா

முக்கூடல்
12.2.1997

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ரீபாவுக்கு, தாய்மாமன் அப்பாத்துரை மனது நிறைந்த வாழ்த்துதலோடு எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். சுகம் என்றுதான் எழுத வேண்டும் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

உன் கடிதம் கடை முகவரிக்கு வந்தது. மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டுப் படித்தேன். இருதயத்தைப் படமாகக் காட்டும் அந்த எக்கோ மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கண்ணுக்கு வெறும் புகைதான் தெரிகிறது என்கிறாய். விலா எலும்பு மறைக்கிறது, மூத்த டெக்னீஷியன் கையைத் தட்டிவிட்டுக் கருவியைத் தானே வாங்கிக்கொள்கிறார், ஏப்ரல் பரீட்சை வரை தாக்குப்பிடிக்க மாட்டேன், பெட்டியைக் கட்டட்டுமா மாமா என்கிறாய். எனக்கு வந்த எரிச்சலில் ஸ்பானரை எறிந்தேன். அது ஆற்றைத் தாண்டி அக்கரையில் விழுந்திருக்கும், சுவர் இல்லாமல் இருந்திருந்தால்.

இங்கே உன்னைப் பற்றி என்னென்ன சொல்லி வைத்திருக்கிறேன், தெரியுமா? மெட்ராஸில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ரீபா பார்த்தால்தான் நெஞ்சைக் காட்டுவேன் என்று வரிசையில் நிற்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லியாயிற்று. சர்ச் ஐயர் நீ டாக்டர் என்றே நினைத்து ஆராதனையில் ஜெபம் பண்ணினார். நீ டாக்டர் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பம்பின் அடிக்குழாயில் ஒரு ஃபுட் வால்வு தண்ணீர் பிடிக்காவிட்டால் நான் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் கிடப்பேன். கடனாநதி முதல் சீவலப்பேரி வரை என் கை படாத பம்புசெட் கிடையாது. எட்டாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்துக்கொள்ள அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. நீ பிளஸ் டூ முடித்தவள். புகையைக் கண்டு ஓடலாமா?

இனி எழுதுவதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். அக்கா என்னை வேதப்புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்லி, தனக்கு நோய் என்று உனக்கு எழுதக்கூடாது என்றாள். வைத்தேன். ஆகவே நோய் என்று எழுதமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து போனதிலிருந்து அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வகுப்பில் போர்டில் ஒரு வரி எழுதினால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறாள். போன ஞாயிறு பாடகர் குழுவில் பாட்டு முடியுமுன் உட்கார்ந்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழாய் வைத்துக் கேட்டவர், சத்தம் சரியில்லை, வால்வாக இருக்கலாம், எக்கோ எடுத்தால்தான் மருந்தா ஆபரேஷனா என்று சொல்ல முடியும் என்றார். வால்வு என்றதும் நான் சில விஷயங்களை அவருக்கு விளக்கினேன். நர்ஸ் வந்து அவரைக் கூப்பிடும் வரை ஆவலாகக் கேட்டார்.

எக்கோ அறையில் படம் எடுப்பவனாகச் சின்ன வயசுப் பையன் ஒருவன் இருந்தான். ஆண்பிள்ளை முன்னால் நெஞ்சைத் திறக்க வேண்டுமே என்று அக்கா முகம் சுண்டினாலும், நர்ஸ் போர்வை பிடிக்கிறேன் என்றதும் படுக்கச் சம்மதித்து, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, வந்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா என்று, இது முக்கூடல் சாலோமி டீச்சர், மெட்ராஸில் எக்கோ எடுக்கிற ரீபாவுடைய அம்மா என்றேன். அவ்வளவுதான். அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், நீங்களா? நான் சுஜின், ரெண்டாங்கிளாஸ்ல உங்ககிட்ட படிச்சேன் டீச்சர்" என்றான். அக்கா செருப்பை மாட்டிவிட்டாள். "ஏலே, அவனுக்கு 'அ' எழுதப் பழக்கினதே நான்தாம்ல. அவன் முன்னால எப்படில படுப்பேன்?" என்று என் காதில் சீறினாள். பையனுக்கு மரியாதை இருந்தது குற்றமா, நான் பெயரைச் சொன்னது குற்றமா, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சரி, பயம் தெளியட்டும் என்று சட்டையைக் கழற்றி நானே படுத்தேன். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினான். "அண்ணாச்சி, பைய மூச்சு விடுங்க, பேசாதீங்க. நீங்க பேசினா படம் ஆடுது" என்றான். நான் பேசாமல் கிடந்ததைத்தான் அக்கா முதலில் அதிசயமாகப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். என் வால்வு மீன் வாய் மாதிரித் திறந்து திறந்து மூடியது. இப்படி ஓர் இருதயம் அங்கே வந்ததில்லை என்று சுஜினின் முகத்திலேயே தெரிந்தது. அக்கா கிட்டே வந்து, "இதைத்தான் எம் பிள்ளை நாள் பூரா பாக்குதாளா?" என்றாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மனம் மாறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, "எம் மக படிச்சு முடிச்சிட்டு வரட்டும். அவ கையால எடுத்துக்கிடுதேன்" என்று பஸ் ஏறிவிட்டாள்.

சுஜின் வாசல் வரை வந்தான். நீ புகை என்று எழுதியதைச் சொன்னேன். முதல் வருஷம் தனக்கும் புகைதான், தன் கையையும் தட்டிவிட்டார்கள், ஒருநாள் தானாகப் படம் விழுந்தது என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, டீச்சரை ரொம்ப நாள் இப்படி விட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி என்றான்.

நாகர்கோவில், மதுரை வரை விசாரித்துவிட்டேன். பெண்பிள்ளை எக்கோ எடுக்கும் இடம் ஒன்றும் அகப்படவில்லை. மெட்ராஸுக்கே போவோம் என்றால், பரீட்சை நேரத்தில் பிள்ளை கலங்கிப்போவாள் என்கிறாள். நீ முடித்து வரட்டும் என்று அவள் இருக்கிறாள். முடிக்காமல் வர நீ பார்க்கிறாய். உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. அவள் விஷயம் உனக்குத் தெரியக்கூடாது. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என் வாயையா இப்படி இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும்?

ஏட்டி, ஓடி வந்துவிடாதே. அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அந்த இருட்டறையில் படுத்திருப்பது யார் என்பதே மறந்துபோகும் மாமா, வால்வு எங்கே என்று தேடுவதிலேயே கண் நிற்கும் என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாயே, அதை எழுது. நானும் சொல்லிப் பார்த்தேன். "அளக்காதேல" என்றுவிட்டாள். நான் உண்மையைச் சொல்லும் நேரம் பார்த்துத்தான் ஒருவரும் நம்புவதில்லை. உன் கையெழுத்தில் வந்தால் நம்புவாள். உனக்கு விஷயத்தைச் சொன்னது சுஜின் என்று போட்டுவிடு. அவன் அவளிடம் அடி வாங்கிப் பழகியவன்.

அவள் ஒரு தடவை சுஜின் முன்னால் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்துவிடட்டும். அதற்குப் பிறகு நீ பரீட்சை எழுதினாலும் சரி, பெட்டி கட்டினாலும் சரி. ஊரில் நான் சொல்லி வைத்ததையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் கைக்குத் திடனும், நம் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் அவகாசமும் தருவாராக.

உன் பிரியமுள்ள மாமா,
அப்பாத்துரை