ஆள் இல்லாதபோது கேட்கிற கேள்வி

என்னைக் கட்டிக்கொண்டு பாதியிலேயே விட்டுப்போன என் ஆசை மாமாவுக்கு,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம் மாமா.

வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் பம்பாய்க்குக் கட்டட வேலைக்குப் போனீர்கள். திரும்பி வந்த பிறகு உங்களுக்கு எச்.ஐ.வி. என்றார்கள், அப்புறம் எனக்கும் என்றார்கள். நோயின் பேரை இப்படிப் பட்டென்று எழுதிவிட்டேன், கோபமா? ஒரத்தநாட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அதற்குத் தினமும் விழுங்கச் சொன்ன கூட்டு மருந்தை சுகர் மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்தோமே, அந்த யோசனை என்னுடையதுதான்.

காய்ச்சலோடு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதே டப்பாவைத்தான் நீட்டினேன். டாக்டர் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "இவருக்கு சுகரே இல்லையே, எதுக்கும்மா இது? நிறுத்துங்க" என்றார். கட்டிலைச் சுற்றி உங்கள் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கடைசிவரைக்கும் அந்த மாத்திரை உங்கள் தொண்டையில் இறங்கவில்லை.

அதனால்தான் போனீர்களா? டாக்டர்களைக் கேட்டால், "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா" என்கிறார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது அதே வார்டில் ஆயாவாக இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களிடம், "வேற மாத்திரை எதுவும் சாப்புடுறீங்களா?" என்று எல்லோர் எதிரிலும்தான் கேட்பார்கள். இல்லை என்றுதான் பதில் வரும். ஒரு நாள் பொறுக்காமல் ஹெட் சிஸ்டரிடம் போனேன்.

"மாமியா பக்கத்துல உக்காந்திருக்கையில எந்த மருமவ சிஸ்டர் சொல்லுவா? கூட வந்தவங்கள வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க."

"அடடா, நீதான் எங்களுக்கு டாக்டரம்மாவா! யாரு செசிலி அனுப்புறது?"

"நான் அனுப்புறேன், வெந்நி வாங்கியாரச் சொல்லி."

சிரித்தார். ஆனால் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருமல் விடவில்லை, டிபி. வெந்நீர் வாங்கி வரச் சொன்னால் மாமியார் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

"ஏன், நான் அந்தாண்ட போனா எம் மருமவ ஓடிருவாளா?"

"ஓடினா நான் புடிச்சுத் தாரேன், நீங்க பிளாஸ்க்க எடுங்கம்மா."

முனகிக்கொண்டே போனார். சிஸ்டர் குனிந்து மெல்லக் கேட்டார். அந்தப் பெண் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டுப் பவுடர் டப்பாவை எடுத்தாள். உள்ளே மாத்திரை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது மாமா, தினமும் நான் விழுங்குகிறதுதானே.

மருந்து கொடுக்கிற சார் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். டிபிக்கு எழுதியிருந்த மாத்திரை இந்தக் கூட்டு மருந்தில் ஒன்றின் பலத்தைக் குறைத்துவிடுமாம். அதை மட்டும் இரண்டு வேளையாக்க வேண்டுமாம். டாக்டர் அப்போதே மாற்றி எழுதினார். வெந்நீர் வருவதற்குள் எல்லாம் முடிந்தது. மாமியாருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

படுத்தபடி வந்தவள் நடந்தே வெளியே போனாள், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு.

இன்றைக்குப் பெரிய டாக்டர் எல்லோரையும் கூட்டி உத்தரவே போட்டுவிட்டார். இனி எந்த வார்டிலும் நோயாளியைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், சேர்த்த அன்றே மாத்திரைகளை மருந்து தெரிந்தவர் பார்த்துவிட வேண்டும். "இது நம்ம செசிலியம்மா யோசனை" என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அத்தனை படித்தவர்களும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனியவில்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமா, உங்களுக்காகத் திறக்காத வாய் இது. இனி மூடாது. நான் நடமாடுகிறவரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில் யாரையும் பயத்தில் மருந்தில்லாமல் கிடக்க விடமாட்டேன். நாளைக்கு அடுத்த வார்டு ஆயாக்களுக்கு, கூட வந்தவர்களை வெந்நீருக்கு அனுப்புகிற வித்தையை நான்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

என்றும் உங்கள் பொஞ்சாதி,
செசிலி