இரண்டாவது ஆல்பத்தில் ஒரு சத்தம்

புரட்டாசி, வெள்ளி இரவு

எங்கள் நாட்டுப்புறக் குழுவின் இரண்டாவது ஆல்பத்திலிருந்து முதல் பாட்டு இன்று சென்னை ஸ்டுடியோவிலிருந்து வந்தது. போன ஆல்பம் முழுக்க என் உறுமி மேளம்தான். இதில் அதைத் தேடித்தான் கேட்க வேண்டும். எல்லாம் கம்ப்யூட்டர் தாளம். பல்லவிக்கு முன்னால் பாட்டு சட்டென்று நின்று, டமார் என்று ஒரு வெடி. சின்னப் பசங்க அதற்குத்தான் ஆடுவார்களாம்.

சாயங்காலம் என் வீட்டு வாசலில் பெரிய ஸ்பீக்கரில் போட்டோம். வெடி விழுந்ததும் தாயில்பட்டியில் எங்கள் தெருவே வெளியே ஓடிவந்து, எந்தக் கம்பெனி வெடித்ததோ என்று வானத்தில் புகையைத் தேடியது. எதிர்வீட்டு மாரியக்கா, பட்டாசுக் கம்பெனியில் இருக்கும் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீகக்கா, எங்க புதுப் பாட்டு" என்றேன்.

அவள் திட்டவில்லை. புருஷன் போனை எடுக்கும்வரை நின்றாள். தீபாவளி சீசனாம், ராத்திரியும் கம்பெனியில் லோடு ஏற்ற வேண்டுமாம். போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "இத ஊரூராப் போடுவீகளாக்கும்?"

"போடுவோம்க்கா."

"அப்ப எங்களுக்கும் பழகிரும்."

அந்த வெடியைப் பாட்டிலிருந்து எடுக்கச் சொல்லலாம். சொன்னால், உறுமி போன எரிச்சல் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

இதை எழுதும்போதே கிழக்கே, கம்பெனிகள் இருக்கும் பக்கம், ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர்வீட்டில் மாரியக்கா பிள்ளைகளிடம் சொல்வது கேட்கிறது: "படுங்க. அந்தப் பயலுக பாட்டுத்தான்."

சாயங்காலமே கழற்றிய ஸ்பீக்கர் வயர் என் மேசைமேல் சுருண்டு கிடக்கிறது.