நெஞ்சில் 417, இடுப்பில் மணி

அரியலூர்,
10-9-1984.

அன்பு மகன் ராசாங்கத்துக்கு அம்மா கொளஞ்சியம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். கனடாவில் நீ கைகால் எல்லாம் முழுசாக இருக்கும்படி சுகமா என்று இதைப் பார்த்த உடனே எழுதவும். நான் சொல்லச் சொல்ல உன் தம்பி சாமிதுரை எழுதுகிறான். சிமெண்டு பாக்டரியில் பிட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவன், சுருக்கமாகச் சொல்லு, சுருக்கமாகச் சொல்லு என்று பேனாவை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். (சாமிதுரை எழுதுவது: ஏர்மெயில் தாள் ஒன்றுதான் இருக்கிறது. எருமை கன்று போட்ட கதையையே அம்மா ஒரு பக்கத்துக்குச் சொன்னாள். எருமை கன்று போட்டது. கிடாரி. இரண்டும் நலம். அது முடிந்தது. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான்.)

ஆனி மாதம் நீ எழுதிய கடிதம் வந்தது. வடக்கே ஆளில்லாத காட்டுக்கு ஏரோப்ளேனில் போய், அங்கே ஏரிக்கரையைச் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறேன், பார்க்க அவ்வளவு அழகான இடம், அதற்குப் பணமும் கட்டியாயிற்று என்று எழுதியிருந்தாய். இன்னொரு தடவை படிடா என்று சாமிதுரையிடம் சொன்னேன். மறுபடியும் அப்படித்தான் இருந்தது. சீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடியவர்களை நம் தெருவில் பார்த்திருக்கிறேன், பணம் கொடுத்துவிட்டு ஓடுகிறவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், அதுவும் என் வயிற்றில் பிறந்தவன். அது எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, இங்கிருந்து பெரம்பலூர் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு டீ கூடக் குடிக்காமல் திரும்பி, பாதி வழியில் விழுவது என்றான் தம்பி. அந்த ரூட்டில் பஸ் இருக்கிறதே என்றேன். உன் அப்பாவுக்கு வேறு கவலை, அத்தனை தூரம் ஓடினால் உள்ளங்கால் பொத்துப்போகுமே, விளக்கெண்ணெய் அந்த ஊரில் கிடைக்குமா என்று. கரடி இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். அதற்குச் சத்தம் கேட்பதற்காக இடுப்பில் மணி கட்டிக்கொண்டு ஓடுவார்களாம். நாங்கள் மாட்டுக்குத்தான் மணி கட்டுவோம். (சத்தம் கேட்டால் கரடி விலகிப் போகும். மூன்று தடவை சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மணி என்று நினைத்து வந்தால் என்ன செய்வது என்கிறாள்.)

ஆவணி பிறந்ததும் உன் கலர் படம் வந்தது. கூடக் கடிதம் இல்லை, படத்தின் பின்னால் ‘ஓட்டம் தொடங்கும் முன்’ என்று ஒரே ஒரு வரி. உச்சியில் பனி வைத்த மலை, ஊசி ஊசியாய் மரங்கள், துடைத்து வைத்தது மாதிரி ஏரி. நடுவில் நீ அரை டிராயரும் பனியனும் போட்டு, நெஞ்சில் 417 என்று நம்பரும் இடுப்பில் மணியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். பக்கத்தில் காக்கி உடுப்பில் விசில் வைத்துக்கொண்டு ஓர் ஆள், பின்னால் ஒரு கயிறு. எனக்குப் படம் பிடித்திருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாய். அந்தச் சமயம் பார்த்து மீன்சுருட்டி செல்லக்கண்ணு, தன் மகள் சிந்தாமணிக்கு உன் ஜாதகம் பொருந்தியிருக்கிறது, மாப்பிள்ளை படம் ஒன்று வேண்டும் என்று ஆள் விட்டிருந்தார். காலேஜில் எடுத்த உன் பழைய படத்தில் டைபாய்டு வந்து எழுந்தவன் மாதிரி இருப்பாய். அதனால் இதையே கொடுத்தனுப்பினேன். மலையையும் ஏரியையும் பார்த்தால், மகள் போகிற இடம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவர்களுக்கு மனசு நிறையும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லக்கண்ணு தன் மச்சான் பிச்சைமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேசரி கிண்டி வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தேன். பிச்சைமுத்து திருச்சி ஜெயிலில் வார்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பஜ்ஜியைத் தொடவில்லை. படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்து, “யக்கா, மறைக்காம சொல்லுங்க, தம்பி போயி எத்தன வருசம் ஆச்சு, இன்னும் எத்தன வருசம் பாக்கி?” என்றார். உன் வேலை ஒப்பந்தத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நாலு வருசம் ஆச்சு, இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, நல்லா வேல செய்யுறான்னு அங்க எல்லாருக்கும் அவன் மேல பிரியம், மூணு வேளச் சோறும் அவங்களே போட்டுர்றாங்க என்றேன். அவர் செல்லக்கண்ணுவைப் பார்த்துத் தலையை ஆட்டி, “நன்னடத்தைன்னா ரெண்டுல கொஞ்சம் கொறைப்பாங்க” என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே விரலை வைத்துக் காட்டினார். “அரை டிராயரு. நெஞ்சுல நம்பரு. பக்கத்துல காக்கி. சர்வீஸ் பூரா இதே படத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சொவரு இல்லாத தொறந்தவெளி ஜெயிலு, ஓடுனா தெரியணும்னுதான் இடுப்புல மணி.” சாமிதுரை ஒரே குதியாய்க் குதித்தான். (குதிக்கவில்லை. விளக்கினேன். ஓடுகிறவர்கள் ஐந்நூறு பேர், யார் எவர் என்று அடையாளம் தெரிய நம்பர், அவ்வளவுதான் என்றேன். “எங்க ஜெயில்லயும் அதுக்குத்தான் தம்பி” என்றார்.)

வெளிநாடு தெரிந்தவர் சொன்னால் நம்புவார்கள் என்று சாமிதுரை கடைத்தெருவுக்கு ஓடினான். லப்பைக்குடிக்காட்டு மொய்தீன் பாய் குவைத்திலிருந்து லீவில் வந்து, கடைத்தெருவில் தன் மச்சான் கடையில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து படத்தைக் காட்டினான். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “வல்லாஹி, அல்லா மேல ஆணையா சொல்றேன், பத்து வருசமா குவைத்துல இருக்கேன். அங்க ரெண்டே பேருதான் ஓடுவான். ஒருத்தன் திருடன், இன்னொருத்தன் போலீசு. இந்தத் தம்பி போலீசு மாதிரி தெரியலையே” என்றார். சொல்லிவிட்டுக் கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். (அவரைக் கூட்டி வந்தது என் தப்பு என்று அம்மா எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.)

அந்த வாரமே ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. சம்பந்தம் வேண்டாம் என்றால் ஜாதகம், படம் இரண்டும் திரும்ப வேண்டும், படம் வரவில்லை. பிள்ளை படம் அடுத்தவர் வீட்டில் கிடக்கக் கூடாது என்று நானும் சாமிதுரையும் ஜெயங்கொண்டம் பஸ் பிடித்து, அங்கே மாறி மீன்சுருட்டி போய் இறங்கினோம். பிச்சைமுத்துவும் அங்கேதான் இருந்தார். செல்லக்கண்ணு முகம் கொடுத்துப் பேசவில்லை, படத்தைக் கொண்டாம்மா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சிந்தாமணி வந்தாள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருக்கிறாள், நல்ல லட்சணம், உன்னைவிட ஒரு விரல் உயரம் குறைச்சல். படத்தை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “மாமா, இந்த நம்பரு தச்சது இல்ல, நாலு மூலையிலயும் ஊக்கு குத்தியிருக்கு. கைதி கையில நாலு ஊக்கு குடுப்பீங்களா?” என்று கேட்டாள். பிச்சைமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். கொஞ்ச நேரம் ஆளே வரவில்லை. திரும்பி வந்து, “குடுக்க மாட்டோம். ஒரு ஊக்கு போதும், பூட்டத் தொறந்துருவானுங்க. நாலு குடுத்தா ஜெயிலே காலி” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “யக்கா, தம்பி ஜெயில்ல இல்ல” என்று, எனக்கே தெரியாததைச் சொல்கிற மாதிரி சொன்னார். உடனே காபி வந்தது. (ஊக்கு எனக்கும் தெரிந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.)

காபியை வாயில் வைத்தேன். அந்தப் பெண், “அத்தை, ஓட்டத்த முடிச்சாங்களா?” என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். படம் ஓடுவதற்கு முன்னால் எடுத்தது. அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜெயிலா இல்லையா என்று அலைந்த அலைச்சலில், காட்டுக்குள் போன பிள்ளை வெளியே வந்தானா என்று பெற்றவள் நான் நினைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து அவளே, “முடிச்சிருந்தாலும் சரி, பாதியில உக்காந்திருந்தாலும் சரி அத்தை. எதுன்னு அவங்களே எழுதட்டும், பாத்துட்டு என் சம்மதத்தச் சொல்றேன்” என்றாள். பாதியில் நின்றவன் மேல் கேஸ் எதுவும் கிடையாது என்று பிச்சைமுத்து எனக்கு ஆறுதல் சொன்னார். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கரடி நினைப்பு.

ஆகையால் ராசாங்கம், கடிதம் கண்டதும் மற்ற வேலையைப் போட்டுவிட்டுப் பதில் எழுது. புரட்டாசி போய் ஐப்பசியில் தட்டு மாற்றிவிடலாம், எல்லாம் உன் பதிலில்தான் இருக்கிறது. அந்த மணியைத் தூக்கிப் போட்டுவிடாதே, நீ முழுசாக வந்தால் திருமழபாடிக் கோயிலில் கட்டுவதாக வேண்டியிருக்கிறேன். கால் பொத்திருந்தால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. இனிமேல் படம் எடுத்தால் பேண்ட் போட்டுக்கொண்டு எடு. (கரடியோடு எடுத்தாலும் பரவாயில்லை, பேண்ட் போடு என்கிறாள்.) திருமழபாடி ஈஸ்வரன் புண்ணியத்தில் நீ நூறு வயசு இருக்க வேண்டும், நடந்து போய் நடந்து வந்து, எங்கேயும் ஓடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா
கொளஞ்சியம்மாள்
(இடது பெருவிரல் ரேகை. மை அதிகம். மேலே இரண்டு வரி அழிந்ததற்கு நான் பொறுப்பில்லை.)

அண்ணா, அம்மா எருமையைப் பார்க்கப் போய்விட்டாள். கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் படத்தைக் கேட்டேன். அப்புறம் தருகிறேன் என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்விட்டாள். ஆகவே நிலைமை உனக்குச் சாதகம். நீயாகக் கெடுத்துக்கொள்ளாதே. முடித்தேன், அல்லது முடிக்கவில்லை. ஒரு வரி போதும், மலை ஏரி வர்ணனை எதுவும் வேண்டாம். முடிக்காமலே முடித்தேன் என்று எழுதிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. ஊக்கைப் பார்த்தவள் அவள்.

சாமிதுரை