இரும்புத் தொப்பி வேண்டாம் மாமா

அடி அண்ணாமலை
12-7-1971

ஆசை மாமாவுக்கு உங்கள் மாமன் மகள் கஸ்தூரி எழுதுவது.

லீவு முடிந்து ரயிலேறி ஒரு மாசமாகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி உண்டா? பட்டாளத்தில் பேனாவையும் பிடுங்கிக்கொண்டார்களோ என்னவோ. இங்கே எல்லாரும் சுகம். மல்லாட்டை விதைத்துவிட்டு, மழையைக் காணோமென்று அப்பா தினமும் வானத்தைத் திட்டுகிறார். தை மாசம் நமக்குக் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இரும்புத் தொப்பியோடு நிற்கிற மாதிரி நீங்க கொடுத்துவிட்டுப் போன போட்டோவை என் சிநேகிதி பாஞ்சாலையிடம் காட்டினேன். "இன்னாடி இது, ஒங்க மாமா சோத்துச் சட்டிய கவுத்துக்கினு நிக்கறாரு"ன்னு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கிணற்றடியில் நீங்க குளிக்கும்போது நானும் பார்த்தேனே, உச்சியில் எட்டணா அகலத்துக்குச் சொட்டை! அந்த இரும்புத் தொப்பியின் சூடுதான் முடியைத் தின்கிறது. உங்க சுருட்டை முடியைப் பார்த்துத்தானே, கட்டினால் இவரைத்தான் என்று சின்ன வயசிலேயே அடம் பிடித்தேன்?

கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் உங்க உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். அத்தனை பேரும் சொட்டையைத் தடவிச் சிரித்தால் நான் மணவறையில் உட்கார மாட்டேன். இப்பவே சொல்லிவிட்டேன்.

கோபத்துடன்,
கஸ்தூரி

ராணுவ முகாம்
3-8-1971

என் கண்ணு கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை ஜியாவுல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். நம்ம திருவண்ணாமலைக்காரன்தான், என் பக்கத்துக் கட்டில். அவனும் சிரித்தான். மானம் போயிற்று.

சட்டி என்று பாஞ்சாலை சொன்னது தப்பில்லை. நாங்களே அப்படித்தான் சொல்கிறோம். அதில் வெந்நீர் வைப்போம், சவரத்துக்குத் தண்ணீர் பிடிப்போம், கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். தலையில் வைக்க மட்டும் ஒருத்தனுக்கும் பிடிக்காது. கழுத்து வலிக்கும், ஓடினால் மூக்கில் வந்து விழும். எங்க சுபேதார் பழைய ஆள். அவர் காலத்தில் தட்டு மாதிரி இருக்குமாம், மழை பெய்தால் பிடரியில் ஒழுகுமாம். "இப்ப ஆமை ஓடு மாதிரி நல்லா செஞ்சு குடுத்துக்கறான், இதுக்கும் அழுவறீங்களேடா"ன்னு திட்டுவார். பச்சைத் துணித் தொப்பிதான் எங்களுக்கு உசிர். ஒரு பக்கம் சரித்து வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தால் தனி மிடுக்கு. பக்கத்து முகாம் சர்தார்கள் தலைப்பாகையோடு சரி, சட்டியைத் தொடவே மாட்டார்கள்.

ஆனால் சண்டை வரும் போலிருக்கிறது. குண்டு விழுகிற இடத்தில் துணித் தொப்பி என்ன செய்யும்? முடி போனால் போகட்டும், தலை வேண்டாமா கஸ்தூரி?

உன்
தருமன்

அடி அண்ணாமலை
20-9-1971

மாமாவுக்கு,

தலை வேண்டாமா என்று கேட்டிருக்கிறீங்க. சர்தார்களுக்கு மட்டும் தலை இல்லையா? அவர்கள் ஆம்பிளைகள், தலைப்பாகையோடு போகிறார்கள். எங்க மாமா சட்டிக்குள் ஒளிந்துகொள்கிறார் என்று பாஞ்சாலையிடம் சொன்னேன். அவளுக்கே உங்க மேல் பாவமாகிவிட்டது.

இன்னொரு சேதி. போளூரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் ராமகிருஷ்ணன், லாரி ஆபீசில் வேலை. சீப்பு உள்ளே போனால் வெளியே வராது, அவ்வளவு முடி! அப்பா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். நான் ஜன்னலில் நின்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

என் மேல் ஆசை இருந்தால் அந்தத் தொப்பியைக் கழற்றுங்க. இல்லை என்றால் அதையே கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துங்க.

கஸ்தூரி

ராணுவ முகாம்
16-11-1971

கஸ்தூரிக்கு,

நீ ஜெயித்தாய், போதுமா? போளூர்க்காரன் நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொப்பியை இப்போது முதுகு மூட்டையில் மாட்டிவிடுகிறேன். துணித் தொப்பியோடுதான் காவலுக்குப் போகிறேன். சுபேதார் பார்த்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். தலைவலி என்று பொய் சொன்னேன். ஜியாவுல்லா மட்டும் தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. "ஒனக்கு இன்னாடா, கட்டிக்க ஒருத்தி காத்துக்கினு இருக்கா. எனக்கு இந்தத் தலை ஒண்ணுதான்டா இருக்குது"ன்னு சொல்கிறான். நாங்கள் எல்லாரும் அவனைக் கேலி பண்ணுகிறோம்.

உச்சியில் புதுமுடி அரும்பியிருக்கிறதாம், அவன்தான் தடவிப் பார்த்துச் சொன்னான். உனக்குச் சந்தோஷம்தானே?

உன்
தருமன்

ராணுவ ஆஸ்பத்திரி
9-2-1972

கஸ்தூரிக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்ல ஜியாவுல்லா எழுதுகிறான், என்னைக் கவனித்துக்கொள்ள அவனை இங்கேயே விட்டிருக்கிறார்கள். எனக்கு வலது கை வரவில்லை, வலது காலும் இழுக்கிறது.

டிசம்பரில் நாங்கள் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது குண்டு விழுந்தது. சிதறல் ஜியாவுல்லாவின் தொப்பியிலும் பட்டது. அவனுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். என் தொப்பி முதுகில் தொங்கியது. மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டார். தலைவலி என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

உன் அப்பா வந்து பார்த்தார். கட்டிலோரம் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். தை போனால் என்ன, வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். கோலூன்றி நடக்கலாம் என்கிறார்கள். உன் கையால் ஒரு வரி எழுது. இங்கே எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை.

உன்
தருமன்

அடி அண்ணாமலை
14-4-1972

தருமன் மாமாவுக்கு,

அப்பா மனசு மாறிவிட்டார் என்று வீட்டில் எழுதச் சொன்னார்கள். அது பொய். நான்தான் மாட்டேன் என்றேன். எலும்பு இல்லாத இடத்தில் தோல் பச்சைக் குழந்தையின் உச்சி மாதிரி துடிக்கிறது என்று அப்பா வந்து சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதன் பக்கத்தில் படுக்க எனக்குத் தைரியமில்லை. உங்களுக்குச் சோறூட்டிக் கழுவிவிட்டே என் வயசு போகும். எனக்குப் பதினெட்டுதான் ஆகிறது.

நான் கழற்றச் சொன்னேன் என்று என்னைக் குத்திக்காட்டாதீங்க. விளையாட்டுக்குச் சொன்னேன். பெண்பிள்ளை விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எந்த மடையனாவது குண்டுக்குத் தலையைக் கொடுப்பானா?

ராமகிருஷ்ணன் வீட்டில் மறுபடி வந்தார்கள். அவருக்குச் சம்மதம். ஆனால் என்னைக் கட்டிக்கொள்ள உரிமையுள்ள முறைக்காரர் நீங்க இருக்கிறீங்க. பந்தலில் வந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டு, எனக்கு உரிமை வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் நீங்க சொன்னால்தான் அவர்கள் தாலி எடுப்பார்களாம். வர முடியாவிட்டால் எழுதி அனுப்பினாலும் போதுமாம். வந்தால் தலையை நன்றாக மூடிக்கொண்டு வாங்க. குழந்தைகள் பயப்படும்.

இத்தனை வருஷம் என் மேல் வைத்த பிரியம் உண்மை என்றால் இதைச் செய்யுங்க.

கஸ்தூரி

ராணுவ ஆஸ்பத்திரி
2-5-1972

கஸ்தூரிக்கு,

இதை எழுத மாட்டேன் என்று ஜியாவுல்லா எழுந்து போய்விட்டான். "போனா போவுதுடா, நல்லா இரும்மான்னு எழுது"ன்னு கையைப் பிடித்துக் கெஞ்சினான். அதனால் இடது கையால் நானே எழுதுகிறேன். காலையில் ஆரம்பித்தது, இப்போது விளக்கு போட்டுவிட்டார்கள்.

உன் மேல் கோபமில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. கோபம் இருக்கிறது. கண்ணை மூடினால் நீயும் பாஞ்சாலையும் சிரிப்பதுதான் கேட்கிறது. நீ சொன்னபடி நான் மடையன்தான்.

பந்தலுக்கு வரமாட்டேன். தாம்பூலம் வாங்கமாட்டேன். உரிமை வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரமாட்டேன். நம்ம ஜனத்தில் முறைக்காரன் வாய் திறக்காமல் எவனும் உன் கழுத்தில் தாலி கட்டமாட்டான் என்று உனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். போளூர்க்காரன் எத்தனை நாள் காத்திருப்பான் என்று பார்க்கிறேன்.

உன்னை நானும் கட்டிக்கொள்ள மாட்டேன். கெஞ்சினாலும் மாட்டேன். நான் ரொம்ப வருஷம் இருப்பேன் என்று டாக்டர் சொல்கிறார். நீ உன் அப்பா வீட்டிலேயே இரு.

தருமன்