குளத்தூர்த் தவளை

2024 ஜூன் 11

காலையில் வந்ததும் பேராசிரியர் ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டார். "சுந்தரேஸ்வரி, மியூசியம் சாவி ஒண்ணு நம்ம ஜீனாட்ட இருக்கட்டும். அந்தப் பிள்ள ஞாயித்துக்கிழமையும் வந்து வேலை பாக்குது" என்றார்.

நம்ம ஜீனா. ஆராய்ச்சி மாணவி என்று வந்து மூன்று மாதம் ஆகவில்லை. பத்தொன்பது வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் தவளைக்கும் பாம்புக்கும் ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டிருக்கிற என்னை அவர் ஒருநாளும் 'நம்ம' என்று சொன்னதில்லை.

சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

ஜூன் 14

இந்த ஜாடிகள் எல்லாம் தேவஆசீர்வாதம் சார் சேர்த்தவை. ஓட்டப்பிடாரம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். லீவு விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரிசல் காடு பூராவும் சுற்றி, இருபது வருடமாகத் தவளை, ஓணான், பாம்பு என்று பிடித்து வைத்திருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு ஜாடி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பாதி ஜாடியில் ஸ்பிரிட் வற்றி, உள்ளே கிடந்ததெல்லாம் கருவாடாகப் போகிற நிலை. காப்பாற்றியது யார்? நான். நான் வருவதற்கு முன்பே சார் இறந்துபோனார், பார்த்ததே இல்லை, ஆனால் பதிவேட்டில் அவர் எழுத்து சாய்ந்தால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன்.

நானும் விலங்கியல் எம்.எஸ்சி.தான். 2016இல் இந்தத் தவளைகளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிப் பேராசிரியர் கையில் கொடுத்தேன். "பாக்கேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜீனா எழுதுகிற அரைப் பக்கத்தை நின்றுகொண்டே படிக்கிறார். நோகாமல் நுங்கு தின்ன ஒரு யோகம் வேண்டும்.

ஜூன் 20

இன்று ஜீனா 61ஆம் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மழைக்கு மட்டும் மண்ணைவிட்டு வெளியே வருகிற வகைத் தவளை அது. கரிசலில் உண்டு. கடலோர உப்பு மண்ணில் இருந்ததாக யாரும் எழுதியதில்லையாம். ஜாடியில் என் கையெழுத்தில் 'குளத்தூர், 1967' என்று ஒட்டியிருக்கிறது. கடற்கரைப் பக்கம் இருக்கிற குளத்தூர் அவள் சொந்த ஊர்.

"எங்க ஊர்த் தவளைக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். "இதுல 'சிறு தவளை அஞ்சு'ன்னுல்லாக்கா போட்டிருக்கு. ஜாடியில ஆறு கெடக்கே?"

"சார் பொறவு ஒண்ணப் புடிச்சுப் போட்டிருப்பாவ" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்று போய்விட்டாள்.

வாய் தவறி வந்துவிட்டது — இல்லை. என்னிடமே ஏன் பொய்? யோசித்துத்தான் சொன்னேன்.

ஜூன் 21

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன், இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

2012. மணியாச்சியில் சித்தி மகள் கல்யாணம். பாசஞ்சரைப் பிடிக்கிற அவசரம். ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து, ஸ்பிரிட் ஊற்றி, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். நான் அலமாரியில் ஒரு தட்டு முழுவதையும் திறந்து, மூடிகளை ஒரே வாளியில் போட்டுக் கழுவினேன். சார் எண்ணை மூடியில் மட்டும்தான் எழுதியிருந்தார், ஜாடியில் இல்லை. அளவு பார்த்துத் திருப்பி மூடினேன். குளத்தூர் 61ம் ஓட்டப்பிடாரம் 67ம் ஒரே அளவு.

கல்யாணம் முடிந்து வந்த பிறகுதான் உறைத்தது. குளத்தூர் ஜாடியில் ஐந்து இருக்க வேண்டும், ஆறு இருந்தது. ஓட்டப்பிடாரம் ஜாடியில் ஆறு இருக்க வேண்டும், ஐந்து இருந்தது. என் வேலையை நிரந்தரம் ஆக்குகிற ஃபைல் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் அந்த மூடிகளைப் பார்த்தே புது லேபிள் எழுதி ஒட்டினேன், நல்ல கையெழுத்தில்.

ஆகவே அது குளத்தூர்த் தவளை இல்லை. சாதாரண ஓட்டப்பிடாரம் கரிசல் தவளை. ஜீனா 67ஐத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் எண்ணியிருப்பாள்.

நான் சொல்லப்போவதில்லை. கட்டட்டும், கோட்டையை நல்லா உயரமாகக் கட்டட்டும். ஒருநாள் எவனாவது பெரிய படிப்பாளி வந்து தட்டிவிடுவான்.

ஜூலை 30

பேப்பரில் ஜீனா படம். கையில் 61ஆம் ஜாடி. 'மறக்கப்பட்ட சேகரிப்பை மீட்ட மாணவி' என்று தலைப்பு.

யார் மறந்தது?

ஆகஸ்ட் 3

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கருத்தையாவிடம் புலம்பினேன். அவருக்கு ரயில்வேயில் வேலை, எதையும் ஒரு வரியில் முடித்துவிடுவார். "பாட்டில்ல கெடக்க தவளைக்கு ரெண்டு பொம்பளையளுக்குச் சண்டையாட்டி?" என்றார். மூடி விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை.

ஜீனா புதுச் சுடிதார் போட்டு வந்தாள். அதுவும் அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 24

மழை பிடித்துவிட்டது. ஜீனா தவளை தேடிக் குளத்தூர் போகிறாள். "நீங்களும் வாருங்கக்கா" என்றாள். கால்வலி என்றேன்.

நவம்பர் 9

மூன்றாவது தடவையும் போய்விட்டு வந்திருக்கிறாள். கண்மாய்க்கரை, தரிசு, உப்பளத்து ஓரம் என்று இடுப்பளவுச் சேற்றில் தேடியிருக்கிறாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது, மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 18

கிடைக்காதது அவளுக்குத் தோல்வி இல்லையாம், அதுவே ஆராய்ச்சியின் முடிவாம். உப்பளம் பெருகியதால் குளத்தூர்த் தவளை பூண்டோடு அழிந்துபோனது என்று எழுதுகிறாள். பேராசிரியர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

அந்த மண்ணில் பிறக்கவே பிறக்காத தவளைக்கு நான் சாவுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 2

ஜீனா முகம் வீங்கியிருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க அப்பாகூடச் சண்டைக்கா. அவிய முப்பது வருசமா உப்பளத்துலதான் வேலை பாக்காவ. உங்களாலதான் அந்த உசுரு அழிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். அவிய சாப்பாட்டுத் தட்ட நகட்டி வச்சுட்டு எந்திச்சுப் போய்ட்டாவ. நாலு நாளா என்கூடப் பேச்சில்ல."

நான் "சரியாப் போயிரும்" என்றேன். சரியாகப் போகாது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

டிசம்பர் 3

சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 4

சொல்லவில்லை. பேராசிரியர் இன்று எல்லார் முன்னாலும், "ஜீனாவப் பாத்துக் கத்துக்கிடுங்க" என்றார். என்னையும் சேர்த்துத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல?

2025 ஜனவரி 8

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். கடைசி நகலை ஜீனா கொண்டுவந்து நீட்டினாள். மேலே இரண்டு பெயர். ஜீனா. அதற்கு அடுத்து சுந்தரேஸ்வரி. பேராசிரியர் பெயர் கீழே நன்றியில்.

"சார் கொஞ்சம் மொறச்சாவ. நான் சொல்லிட்டேன், ஜாடியப் பாதுகாத்தது அக்கா, அவிய பேரு இல்லாம நான் அனுப்ப மாட்டேன்னு. உங்க நாப்பது பக்கத்தையும் சார் டிராயர்ல இருந்து எடுத்துப் படிச்சேன்க்கா. அதுல நாலு இடத்த எடுத்துப் போட்டிருக்கேன்." பிறகு இன்னொரு தாளை நீட்டினாள். "லேபிள் விவரம் உண்மைதான்னு பொறுப்பாளர் ஒரு கையெழுத்து போடணுமாம். நாளைக்குத் தந்தாப் போதும்."

பத்தொன்பது வருடம் கேட்டது இதுதான். இந்தப் பெயரைத்தான். தாளில் அச்சாகி இருக்கிறது, விரலால் தொட்டுப் பார்த்தேன். இவளை என்னவெல்லாம் நினைத்தேன். இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது, இப்படி ஒரு நல்ல மனசு எனக்கு ஏன் இல்லை என்று.

கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. அந்த வாத்தியார் எழுந்தா வரப்போகிறார்?

ஜனவரி 9

சொல்லிவிட்டேன்.

67ஐ எடுத்து அவள் மேசையில் வைத்து, எண்ணச் சொன்னேன். ஐந்து. எல்லாம் சாதாரணக் குளத்துத் தவளை. வாளி, மூடி, பாசஞ்சர் ரயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மூடி மாறுனது பன்னெண்டு வருசத்துக்கு முந்தி. அது யாருக்கும் நடக்கும்" என்றாள். "ஜூன் மாசம் நான் உங்கட்ட கேட்டேன்லாக்கா?"

"கேட்ட."

"அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்க்கா?"

பொறாமை என்று சொன்னேன். அந்த ஒரு சொல்தான் இருந்தது என்னிடம். அவள் போனை எடுத்துக்கொண்டு, "அப்பாட்ட பேசணும்" என்று வெளியே போனாள்.

ஜனவரி 13

கட்டுரையை ஜீனா திரும்பப் பெற்றுவிட்டாள். கடிதத்தில் 'ஜாடி மூடிகள் மாறியிருந்தது தெரியவந்ததால்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். யார் மாற்றியது என்று இல்லை. அதிலும் அவளே பெரிய மனுஷி.

பேராசிரியர் எனக்கு மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 26

நானூற்றுப் பன்னிரண்டு ஜாடியையும் முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்லி உத்தரவு. நானும் ஜீனாவும் ஒரே மேசையில். நான் எண்ணிச் சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அப்பாவோடு இருந்துவிட்டு வந்தாளாம், அதை மட்டும் சொன்னாள். டீ வந்தால் எனக்கும் ஊற்றி வைக்கிறாள். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு குறையும் இல்லை.

இன்று 140ஆம் ஜாடி. மண்ணுளிப் பாம்பு. "மூணு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். பிறகு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணினாள்.

மூன்றுதான் இருந்தது.