மேல்விலாசம்

கெம்பனூர்,
ஜவளகிரி தபால், ஓசூர் தாலுகா.
18-1-1954

காவேரி அப்பாவுக்கு நஞ்சம்மா வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே நான், காவேரி, அம்மா, அண்ணன் திம்மப்பன் எல்லோரும் சுகம். அங்கே அத்தையின் கால்வலி தேவலையா? மலைக்குளிரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பொங்கல் ஆனது. ராகி அறுப்பு முடிவதற்குள் யானை இரண்டு தரம் வந்துவிட்டது. அண்ணன் பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டித் தட்டிக் கையெல்லாம் கொப்புளம். அது பாட்டுக்குத் தின்றுவிட்டு, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயிற்று. பக்கத்து ஊரில் ஒருவரை மிதித்தே கொன்றுவிட்டது, பாவம்.

போன கடிதம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குற்றம் என்னுடையதுதான். போஸ்ட்மாஸ்டர், "பேரு சொல்லும்மா, எழுதறேன்" என்றார். நான் எப்படிச் சொல்வேன்? "ஏழுமலையான் பேருங்க" என்றேன். அவர் வெங்கடாசலம் என்று எழுதி அனுப்பிவிட்டார்! உங்கள் தோட்டத்தில் எந்த வெங்கடாசலம் என் கடிதத்தைப் படித்தானோ, நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. இனிமேல் காவேரியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அப்பன் பேரைக் கேட்டால் அவள் போடுகிற சத்தம் சந்தைவரை கேட்கும்.

பாஸ்போர்ட்டுக்கென்று நீங்கள் சொன்ன போட்டோ ஆயிற்று. ஓசூருக்குப் பஸ்ஸில் போனோம். கறுப்புத் துணிக்குள் போட்டோக்காரர் தலையை விட்டதும் காவேரி அழுதுவிட்டாள். படத்தில் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள், ஆனாலும் அழகாக இருக்கிறாள். மாசி வந்தால் அவளுக்கு ஐந்து வயது. உங்களை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. எனக்கே இரண்டு மாசம் பார்த்த முகம்தான். தகரப்பெட்டியில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? எப்போது கூப்பிடுவீர்கள் என்று இந்தத் தடவையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
நஞ்சம்மா

---

சந்தனமலைத் தோட்டம், மேல்பிரிவு,
அட்டன், இலங்கை.
9-3-1954

சௌபாக்கியவதி நஞ்சம்மாவுக்கு கோவிந்தப்பன் ஆசீர்வாதம்.

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. அம்மா போட்டோவை அரிசிப்பானைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு காவேரியோடு பேசுகிறாள். எனக்கு என்னவோ அதைப் பார்க்க முடியவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. இங்கே பிரஜாவுரிமைக் காகிதம் இல்லாதவனுக்குத் தற்காலிக விசா கொடுத்து, அது முடிந்ததும் கப்பலேற்றிவிடுவார்கள். நான் 1951இலேயே மனுப் போட்டேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கலியாணம் ஆனவன் என்றால், கலியாணமான ஒரு வருஷத்துக்குள் பெண்சாதியும் இங்கே வந்து குடியிருந்திருக்க வேண்டும் என்று சட்டம். நம் கலியாணம் 48 வைகாசியில். நீ வரவில்லை. மனு எழுதின கணக்கப்பிள்ளை, "கலியாணமே ஆகலைன்னு போட்ருவோம் கோவிந்தப்பா, ஒத்தைக்கட்டைன்னா தொந்தரவு இல்ல" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பயப்படாதே. அதற்கு வழி வைத்திருக்கிறேன். காகிதம் கைக்கு வந்ததும் ஊருக்கு வருவேன். உன்னையே மறுபடியும் ரிஜிஸ்தர் கலியாணம் செய்துகொள்வேன். பிரஜையின் பெண்சாதி என்று நீ முறையாக வரலாம். அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே.

இன்னொன்று. மேல்விலாசத்தில் என் பேரை நீயே எழுதினால் என்ன? எழுதினால் என் ஆயுசு குறைந்துவிடுமா?

கோவிந்தப்பன்

---

கெம்பனூர்,
2-4-1954

கலியாணம் ஆகாத மாப்பிள்ளைக்கு நஞ்சம்மா எழுதுவது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஒரு வருஷம் என்ற இடத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். அவளிடம் மறைக்க முடியவில்லை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாமல் கடல் தாண்டிப் போய்ப் பெறுவார்களா என்று என்னை நிறுத்தினது அவள்தான். மாசியில் காவேரி பிறந்தாள். "அஞ்சாம் மாசம் தொட்டிலும் பாலாடையுமா அனுப்பறேன்" என்றாள். ஐந்தாம் மாசம் ஆடி. ஆடியில் எவள் புருஷன் வீட்டுக்குப் போவாள்? அப்புறம் மொட்டை, காதுகுத்து. அதற்குள் விசா இல்லாமல் அங்கே வரக்கூடாது என்று ஆகிவிட்டது. இப்போது அம்மா, "எல்லாம் வழக்கப்படிதானே செஞ்சேன், என்னாடி தப்பு செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு தப்பும் இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

நாங்கள் வாரம் தவறாமல் ஆனேக்கல் சந்தைக்குப் போகிறோம். அது மைசூர் சீமை. போகும்போது தமிழ், அங்கே கன்னடம், வரும்போது தெலுங்கில் சண்டை. யாரும் காகிதம் கேட்டதில்லை. அதனால் சட்டம் என்று நீங்கள் சொல்வது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

என்னை மறுபடி கட்டிக்கொள்வீர்கள், சரி. காவேரியை மறுபடி பெற வேண்டுமா? அவளை என்னவென்று எழுதுவீர்கள்?

நேராகவே கேட்கிறேன். வந்துவிடுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அண்ணன் பாதி நிலத்தில் கூடச் சேர்ந்து பாடுபடலாம் என்கிறான். யானை தின்றது போக மிஞ்சுவதைத் தின்போம்.

பேரை எழுதச் சொன்னீர்கள். மாட்டேன். ஆயுசு குறையும். நீங்கள் சிரித்தாலும் சரி.

நஞ்சம்மா

---

சந்தனமலைத் தோட்டம்,
21-11-1954

நஞ்சம்மாவுக்கு,

ஆறேழு மாசமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. வந்துவிடு என்றாய். அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பன இந்தத் தேயிலைக்கடியில பொதச்சிருக்கேன், நான் எங்கடா வர்றது?" என்றாள். எனக்கும் எட்டு வயதிலிருந்து இந்தத் தேயிலை ஆலைதான் தெரியும். ஏர் பிடிக்கத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன புதன்கிழமை என் மனுமேல் விசாரணை நடந்தது. விசாரித்த ஆபீஸர் ஐயா எல்லாம் கேட்டார், நான் ஒழுங்காகச் சொன்னேன். முடிந்தது என்று எழுந்தபோது ஒரு தாளைப் புரட்டி, "மாசாமாசம் இந்தியாவில் நஞ்சம்மா என்கிற பெண்ணுக்கு மணியார்டர் போகிறதே, அது யார்?" என்றார்.

என் வாயில், "தங்கச்சிங்க" என்று வந்துவிட்டது.

"புருஷன் இல்லையா?" என்றார். "செத்துட்டான்" என்றேன். "எப்படி?" என்றார். நீ எழுதின யானை ஞாபகம் வந்தது. யானை மிதித்துவிட்டது என்றேன். அப்பா பிள்ளைகளில் என்னை மட்டும் கூட்டிவந்தார், தங்கை ஊரிலேயே வளர்ந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டாள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். உன் பேர், ஊர் பேர், காவேரி பேர்கூட.

இப்போது ருசு கேட்கிறார்கள். ஊர் முனிசீப்பிடம், நஞ்சம்மா விதவை, என் தங்கை என்று ஒரு சர்டிபிகேட். அதோடு தங்கை அண்ணனுக்கு எழுதினதாக உன் கையெழுத்தில் ஒரு கடிதம். அதில் என் அம்மாவை அம்மா என்று எழுது. உன் அம்மாவை மாமியார் என்றும், திம்மப்பனைக் கொழுந்தன் என்றும் எழுது. தை முடிவதற்குள் வராவிட்டால் மனு தள்ளுபடி. என்னையும் அம்மாவையும் கப்பலேற்றி மண்டபம் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மறுபடி கலியாணம் செய்வேன் என்று எழுதினேனே. அதைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நீ கடிதம் அனுப்பாவிட்டாலும் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

கோவிந்தப்பன்

---

கெம்பனூர்,
28-12-1954

காவேரி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ராகி திரித்தேன். களி கிண்டினேன். எல்லோரும் சாப்பிட்டோம். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றீர்கள். எனக்குத் தெரிகிறது, சொல்கிறேன். கலியாணம் ஆகவில்லை என்றதோடு நிறுத்தியிருந்தால் நாளைக்கு என்னைக் கட்டிக்கொண்டு போகலாம். தங்கை என்று பேரோடு ஊரோடு எழுதின பிறகு எந்த ஆபீஸில் என்னைப் பெண்சாதி என்பீர்கள்? தங்கையைக் கட்டினவன் என்று உங்களைப் பிடித்து உள்ளே போடுவார்கள். அந்த வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வையவும் வாய் வரவில்லை.

அண்ணன் குதித்தான். "எழுதாதடி, மனு தள்ளினா அவனே வருவான்" என்றான். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். நான் எழுதாவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள், வந்தாக வேண்டும். அப்புறம் யோசித்தேன். ஆலையும் போய், அத்தையும் மாமாவின் சமாதியை விட்டு அழுதுகொண்டு வர, நீங்கள் என் வாசலில் வந்து நிற்பீர்கள். தினமும் என் முகத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பீர்கள்? அப்படி ஒரு புருஷன் எனக்கு வேண்டாம். ஆசையாக வந்தால் வேண்டும், அங்கே துரத்தினதால் வந்தால் வேண்டாம்.

முனிசீப்பிடம் போனேன். உங்கள் காகிதத்தைப் படித்துவிட்டு, "கழுத்துல தாலிய வெச்சுக்கிட்டு வந்து நிக்கறயே, விதவைன்னு நான் எப்படிம்மா எழுதறது? போம்மா வீட்டுக்கு" என்று அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர்.

மறுநாள் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். பொட்டும் வைக்கவில்லை. என்னைப் பார்த்தவர் அப்புறம் தலை நிமிரவே இல்லை. எழுதி, முத்திரை குத்தி, மேசைமேல் தள்ளினார். இதோடு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒப்பாரி வைக்க வாயெடுத்தாள். யாரைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டாள். நீங்கள்தான் நன்றாக இருக்கிறீர்களே.

கழற்றினதை மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று காவேரி சொல்கிறாள். அவள் குழந்தை. கட்டின கை வந்து கட்டினால்தான் அது தாலி. வெறுமனே நானே எடுத்துப் போட்டுக்கொண்டால் அதற்கு என்ன பேர்?

நீங்கள் கேட்ட இன்னொரு கடிதத்தைத் தனியாக அனுப்புகிறேன். அதை ஐயாவிடம் காட்டுங்கள். இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். காவேரி அப்பா என்று நான் எழுதுவது இதுதான் கடைசி.

நஞ்சம்மா

---

கெம்பனூர்,
ஜவளகிரி தபால், ஓசூர் தாலுகா.
5-1-1955

அன்புள்ள அண்ணன் கோவிந்தப்பனுக்கு, தங்கை நஞ்சம்மா வணக்கம்.

இங்கே நானும் மகள் காவேரியும் சுகம். நம் அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? குளிரில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, தூரம்.

என் வீட்டுக்காரரை யானை மிதித்துக் கொன்றதிலிருந்து நீங்கள் மாசாமாசம் பணம் அனுப்பி எங்களைக் காப்பாற்றினீர்கள். கூடப் பிறந்தவர்கள் இவ்வளவு செய்வது பெரிய காரியம். இனி வேண்டாம். காட்டு வேலைக்கும், ஆனேக்கல் சந்தைக்கும் போய் நானே பார்த்துக்கொள்கிறேன். மாமியார் மாரம்மா என்னைப் பெற்ற மகள்போல வைத்திருக்கிறாள். கொழுந்தன் திம்மப்பனும் நல்ல மாதிரி. காவேரிக்குத் தகப்பன் முகம் தெரியாது. கேட்டால் நல்லவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணா, உங்களுக்கும் வயது ஆகிறது. பிரஜாவுரிமைக் காகிதம் வந்ததும் அங்கேயே நல்ல பெண்ணாகப் பார்த்துக் கலியாணம் செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கும் ஒத்தாசையாக இருக்கும். நான் வரமுடியாது, அதற்காக மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். தங்கைக்குச் செய்ய வேண்டிய சீரை நீங்கள் முன்னாலேயே செய்துவிட்டீர்கள்.

மேல்விலாசம் எழுதுவதற்கு இந்தத் தடவை காவேரியைத் தபாலாபீசுக்குக் கூட்டிப்போகவில்லை. போஸ்ட்மாஸ்டரையும் கேட்கவில்லை. அண்ணன் பேரை எழுதத் தங்கைக்கு என்ன தடை? நானே எழுதிவிட்டேன்.

அன்புள்ள தங்கை,
நஞ்சம்மா