இரண்டு வீட்டுக்கு ஒரு சாவி

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டைத் திறந்தேன். உங்கள் மகன் துபாயிலிருந்து போன் பண்ணி, "சின்னம்மா, வாடகைக்குக் கேட்டு ஒரு புருஷன் பொண்டாட்டி வராங்க, வூட்டத் தொறந்து காட்டுங்க" என்றான். அவன் கொடுத்துவிட்டுப் போன சாவியை நான் தேடவில்லை. என் வீட்டுச் சாவியையே போட்டேன். பூட்டு திறந்ததும் பழைய தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் பீங்கான் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஓரம் சீவிய காலம் அது. சாயங்காலம் வீடு திரும்பும்போது விரலிடுக்கெல்லாம் வெள்ளை மாவு இருக்கும். அந்தக் கையோடு சாவி போட்டுப் போட்டுப் பூட்டுக்குள்ளும் மாவு ஏறி, திரும்பாமல் மக்கர் பண்ணும். நீங்கள் தலைக்கு வைத்ததுபோக மிச்ச எண்ணெயைப் பூட்டுக்கு விடுவீர்கள். "அப்படியே சீவி ஒரு பூவும் வச்சுடுங்கக்கா" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

ஒருநாள் அசதியில் என் வீடு என்று நினைத்து உங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போய்விட்டேன். நம் வரிசையில் எல்லாக் கதவும் ஒரே நீலம்தானே. சுவரில் உங்கள் மகனின் போட்டோவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பின்னாலேயே வந்த நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பூட்டுகள். என் சாவி உங்களுடையதையும், உங்கள் சாவி என்னுடையதையும் திறந்தன. என் வாய் சும்மா இருக்குமா? கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "வெல கம்மி பூட்டுல நாலஞ்சு சாவிதாம்மா மாத்தி மாத்தி வரும், நான் என்னா பண்றது?" என்று கையை விரித்தார்.

மாற்றிவிடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை.

"வுடு புள்ள. எனக்கு ஒன்னுன்னா நீதான வந்து தொறக்கணும்" என்றீர்கள்.

அதை நான் விட்டிருக்க வேண்டும். அடுத்த தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டில் திருடு போனது. பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. அது மாட்டியிருந்த கொண்டியை நெம்பி எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தனியாக இருக்கிறீர்களே என்று உங்களை நச்சரித்தேன். கடைசியில் நானே கடைக்குக் கூட்டிப்போய், கதவிலேயே பதிக்கிற பூட்டு ஒன்றை வாங்க வைத்தேன். கதவைச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும். கையில் எடுத்தால் கனமாக இருந்தது, அதனாலேயே எனக்குப் பெருமை.

அதற்கு மூன்று சாவி. ஒன்றை என்னிடம் நீட்டினீர்கள். "சாவிய ஆளுக்கொன்னு குடுத்துட்டா அப்புறம் எதுக்குப் பூட்டு? உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று உங்கள் கையிலேயே திணித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீங்கள் மூன்றையும் பீரோவில் வைத்தீர்கள்.

நீங்கள் வேலைக்கு வராத அந்தக் காலை, டீ நேரத்தில் பார்க்க வந்தேன். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் அடுப்படியில் உங்கள் கால் தெரிந்தது. "அக்கா!" என்று கத்தினேன். "புள்ள..." என்றீர்கள். எக்கிப் பார்த்தேன், நெஞ்சில் கை வைத்திருந்தீர்கள். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது, கொல்லைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தம்பி, "ஒடச்சிரலாங்க்கா" என்று காலைத் தூக்கினான். அவன் கையைப் பிடித்து இழுத்தது நான்தான். "அது ஒடையாதுப்பா, நல்ல பூட்டு. உன் காலுதான் போவும். சாவி போடுறவர கூட்டியாரேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அவர் டிபன் சாப்பிடப் போயிருந்தார். தேடிப் பிடித்துக் கூட்டிவர அரை மணி நேரம். வந்தவர் பையிலிருந்த சாவிக்கொத்தைத் தொடக்கூட இல்லை. நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார். கதவு திறந்துகொண்டது. பூட்டின் நாக்கு மாட்டுவதற்கு நிலையில் அடித்திருந்த தகடு, இரண்டு பொடி ஸ்க்ரூவோடு கீழே விழுந்தது.

"பூட்டு நல்ல பூட்டுதாம்மா. இத்துனூண்டு ஸ்க்ரூதான தாங்குது? ஒரு ஒத உட்டிருந்தா தொறந்திருக்குமே" என்றார்.

உள்ளே ஓடி உங்கள் தலையை மடியில் வைத்தேன். அப்போது உங்களுக்குப் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உங்கள் மகன் வந்தான். பெயர்ந்த பூட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பூட்டையே மாட்டினான். "பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னுதான் சின்னம்மா நான் அங்க நிம்மதியா இருந்தேன்" என்றான். என்னைத் திட்டுவதற்கு அவன் அதைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்தத் தம்பியின் கையைப் பிடித்து இழுத்ததை நான் அவனிடம் சொல்லவில்லை அக்கா. இன்றுவரை சொல்லவில்லை.

காலையில் வீடு பார்க்க வந்த பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். அவள் புருஷனுக்கு வேப்பூரில் வேலை, பகலெல்லாம் தனியாகத்தான் இருப்பாளாம். பூட்டைத் தூக்கிப் பார்த்து, "இது ஸ்ட்ராங்கா இருக்குமாங்க?" என்றாள்.

"எந்தப் பூட்டும் ஒரு ஒதைக்குத் தாங்காதும்மா" என்றேன். அவள் முகம் மாறியது. "இத என் வூட்டுச் சாவியே தொறக்கும். புதுசு மாத்திக்குங்க, வேணாங்கல. ஆனா ஒரு சாவி என்கிட்ட குடுத்துடுங்க" என்றேன். யாரோ ஒருத்தி இப்படிக் கேட்டால் யார்தான் குடி வருவார்கள்? சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள்.

நான் மறுபடி பூட்டினேன். என் சாவியிலும் உங்கள் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. முந்தானையில் துடைக்க மனசு வரவில்லை, அப்படியே முடிந்துகொண்டேன். உங்கள் வாசலில் நின்று, "என்ன மன்னிச்சிருங்கக்கா" என்று இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "வுடு புள்ள" என்பீர்கள். அதைச் சொல்லத்தான் அக்கா, ஆள் இல்லை.